இயேசு சபையின் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் பையனுக்கு உயர்நிலைப் பள்ளி தேடும் குடும்பங்கள் பரிசீலிக்கும் வழிகளில் ‘ஜெசூட்’ எனப்படும் இயேசு சபையார் நடத்தும் ஆண்கள் பள்ளியும் ஒன்று. பெரிய நகரங்கள் பலவற்றில் இப்பள்ளிகள் இருக்கின்றன. செயின்ட் லூயிஸ் யூனிவர்சிட்டி ஹைஸ்கூல் 1818இலும், வாஷிங்டனின் கொன்சாகா 1821இலும், சின்சினாட்டியின் செயின்ட் சேவியர் 1831இலும், சான் ஹோசேயின் பெல்லர்மின் 1851இலும் தொடங்கப்பட்டவை. கிளீவ்லாந்தில் செயின்ட் இக்னேஷியஸ், ஜெர்சி சிட்டியில் செயின்ட் பீட்டர்ஸ் பிரெப், டாலஸில் ஜெசூட், ஹூஸ்டனில் ஸ்ட்ரேக் ஜெசூட், ஃபீனிக்ஸில் புரோஃபி என்று பட்டியல் நீளும். இவற்றில் பல, தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் நகரங்களைச் சுற்றியே இருக்கின்றன. நல்ல படிப்பும் நல்ல ஒழுக்கமும் சேர்ந்து கிடைக்கும் என்ற பெயர் இப்பள்ளிகளுக்கு உண்டு. அந்தப் பெயர் எந்தப் பள்ளியில் எந்த அளவுக்கு உண்மை என்பதைச் சேர்க்கைக்கு முன்பே பார்த்துவிட முடியும். அதற்குக் கொஞ்சம் பொறுமையும் சில சங்கடமான கேள்விகளும் வேண்டும்.

பின்னணி

லொயோலா இஞ்ஞாசியார் தொடங்கிய இச்சபைக்கு 1540இல் போப் மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். எட்டே ஆண்டுகளில், 1548இல், சிசிலித் தீவின் மெசினா நகரில் வெளி மாணவர்களுக்கான பள்ளி ஒன்றைச் சபையார் திறந்தனர். 1599இல் ‘ராட்சியோ ஸ்டூடியோரம்’ என்ற பொதுக் கல்வித் திட்டம் வெளியானது. மாணவன் படிப்படியாக வகுப்பேற வேண்டும், மொழியிலும் சொல்திறனிலும் தேறிய பிறகே தத்துவத்துக்குப் போக வேண்டும், விவாதமும் நாடகமும் பாடத்தோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படைகள். இன்றும் இப்பள்ளிகளில் எழுத்துக்கும் மேடைப் பேச்சுக்கும் கூடுதல் இடம் இருப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்தச் சபை புதிதல்ல. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகக் காரணமான அண்டிரிக் அடிகளாரும் வீரமாமுனிவரும் இச்சபையினரே. பாளையங்கோட்டை சவேரியார் பள்ளியிலோ திருச்சி புனித வளனார் பள்ளியிலோ படித்துவிட்டு அமெரிக்காவுக்கு வந்த தந்தைக்கு ‘ஜெசூட்’ என்ற சொல் கேட்டதும் ஒரு நம்பிக்கை பிறப்பது இயல்பு. ஆனால் அந்த நினைவை அப்படியே இங்குள்ள பள்ளியின்மேல் ஏற்றிவிடக் கூடாது. தமிழகத்தில் அவை பெரும்பாலும் அரசு உதவி பெறும் பள்ளிகள். ஊர்ப் பையன்கள் எல்லோரும் போகும் இடம், கட்டணமும் குறைவு. அமெரிக்காவில் அவை கட்டணத்தில் நடக்கும் தனியார் பள்ளிகள். நுழைவுத் தேர்வு உண்டு, வசதியான வீட்டுப் பிள்ளைகளின் விகிதம் அதிகம், பழைய மாணவர்களின் நன்கொடையை நம்பியே புதிய கட்டடங்கள் எழுகின்றன. சபை ஒன்றுதான் என்றாலும் நிறுவனத்தின் இயல்பு வேறு.

எந்தப் பள்ளி பொருந்தும் என்பதற்கான முதல் வடிகட்டல்

பெயரில் இக்னேஷியஸ், சேவியர், லொயோலா என்று இருப்பதால் அது ஆண்கள் பள்ளியாகவோ சபையின் பள்ளியாகவோ இருக்க வேண்டியதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் செயின்ட் இக்னேஷியஸ் 1989இலிருந்து இருபாலர் பள்ளி. சிகாகோவின் செயின்ட் இக்னேஷியஸும் போர்ட்லாந்தின் ஜெசூட்டும் இருபாலர் பள்ளிகளே. தொடங்கும் வகுப்பும் மாறுபடும். பெரும்பாலானவை ஒன்பதில் தொடங்குகின்றன. நியூ ஆர்லியன்ஸின் ஜெசூட் எட்டிலும், பாஸ்டன் காலேஜ் ஹைஸ்கூல் ஏழிலும், பால்டிமோருக்கு அருகிலுள்ள லொயோலா பிளேக்ஃபீல்ட் ஆறிலும் தொடங்குகின்றன. இத்தகைய பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்கு விண்ணப்பிப்பவர், ஏற்கெனவே பழகிவிட்ட பையன்கள் நடுவே புதியவராகப் போய் உட்காருவார். எத்தனை புதிய இடங்கள் அந்த ஆண்டு திறக்கின்றன என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு பள்ளிகள் தனி வகை. மேரிலாந்தில் உள்ள ஜார்ஜ்டவுன் பிரெப் (1789) விடுதியும் கொண்டது. நியூயார்க் மன்ஹாட்டனில் உள்ள ரீஜிஸ் 1914இலிருந்து யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கப் பையன்கள் மட்டுமே அதற்கு விண்ணப்பிக்கலாம். போட்டியும் கடுமை. இலவசம் என்று கேள்விப்பட்டு ஆண்டு முழுக்கத் தயாராகிவிட்டுக் கடைசியில் இந்த நிபந்தனையில் முட்டிக்கொள்வதைத் தவிர்க்க, தகுதி விதிகளை முதல் நாளே படித்துவிட வேண்டும். மற்ற பெரும்பாலான பள்ளிகளில் எந்த மதத்தினரும் சேரலாம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும். இன்றைய இயேசு சபைப் பள்ளிகளில் குருக்கள் மிகக் குறைவு. ஆசிரியர்களில் பெரும்பான்மையோரும், பல இடங்களில் முதல்வரும் தலைவரும்கூட இல்லறத்தார். ஆகவே “ஃபாதர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்ற எண்ணத்தோடு சேர்ப்பது பழைய கணக்கு. புதிய ஆசிரியருக்குச் சபையின் கல்விமுறையில் என்ன பயிற்சி தரப்படுகிறது, எத்தனை ஆண்டு தரப்படுகிறது என்பதே இப்போது பொருளுள்ள கேள்வி. ஒரு மணி நேர அறிமுக உரையோடு முடிந்துவிடும் இடமும் உண்டு, ஆண்டுக்கணக்கில் தொடரும் இடமும் உண்டு.

பள்ளி தன்னைப் பற்றிச் சொல்வது

1973 ஜூலை 31இல் ஸ்பெயினின் வலென்சியாவில் சபையின் பழைய மாணவர்கள் கூட்டத்தில் அப்போதைய தலைவர் பெத்ரோ அருப்பே ஆற்றிய உரை இப்பள்ளிகளின் போக்கை மாற்றியது. பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்காத கல்வி தோற்றுப்போன கல்வி என்பது அவருடைய வாதத்தின் சாரம். நீதிக்காகப் போதிய அளவு நாம் கற்பித்தோமா என்ற கேள்விக்கு இல்லை என்றே அவர் பதில் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் செல்வாக்குள்ள குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சிலர் மனம் புண்பட்டனர் என்பதில் வியப்பில்லை.

அதன் தொடர்ச்சியாக அமெரிக்கப் பள்ளிகள், படிப்பை முடித்து வெளியேறும் மாணவனிடம் இருக்க வேண்டிய ஐந்து பண்புகளை வகுத்துக்கொண்டன. வளர மனம் திறந்திருத்தல், அறிவுத் தேர்ச்சி, சமயப் பற்று, அன்பு, நீதிக்கான ஈடுபாடு என்பவை அவை. எந்தப் பள்ளிக்குப் போனாலும் சுவரிலோ கையேட்டிலோ இந்த ஐந்தும் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே வாசகம் இருப்பதால், பள்ளிகளை ஒப்பிட அது உதவாது. உதவுவது, அந்த ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் பள்ளி கால அட்டவணையில் எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறது, யாரைப் பொறுப்பாக நியமித்திருக்கிறது, எவ்வளவு செலவிடுகிறது என்ற விவரம்தான். நேரமும் ஆளும் பணமும் ஒதுக்கப்படாத பண்பு சுவரோடு நின்றுவிடும்.

ஒரே கல்வி எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடுவதில்லை என்பதையும் நினைவில் வைக்கலாம். ஃபிடல் காஸ்ட்ரோ ஹவானாவின் பெலென் பள்ளியில் படித்தவர். அவருடைய ஆட்சியே அப்பள்ளியைப் பறித்துக்கொள்ள, அது 1961இல் மயாமிக்கு இடம்பெயர்ந்தது. பழமைவாத நீதிபதி ஆன்டனின் ஸ்கலியா நியூயார்க் சேவியரிலும், மருத்துவர் ஆன்டனி ஃபௌச்சி ரீஜிஸிலும் படித்தனர். பழைய மாணவர் பட்டியலைக் காட்டி ஒரு பள்ளி எதையும் நிரூபித்துவிட முடியாது.

படிப்பைச் சோதிக்கும் விதம்

முதல் பத்து இடங்களில் இருக்கும் பையன்கள் எந்தப் பள்ளியிலும் பிழைத்துக்கொள்வார்கள். அவர்களின் கல்லூரிச் சேர்க்கையை வைத்துப் பள்ளியை எடைபோடுவது பெற்றோர் அடிக்கடி சறுக்கும் இடம். பள்ளியைக் காட்டிக்கொடுப்பவன் வகுப்பின் நடுவில் நிற்கும் பையன். அவனுடைய சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறது, வகுப்பில் எத்தனை பேர், அந்த வாரம் எத்தனை பக்கம் எழுதினான், இரண்டு தேர்வுகளில் சறுக்கினால் எத்தனை நாளில் யார் கவனித்தார் என்ற விவரங்கள் விளம்பர ஏட்டில் இருக்காது. கேட்டுத்தான் பெற வேண்டும்.

கேட்க வேண்டிய ஒரு பொருள், திருத்தப்பட்ட கட்டுரை. ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலக் கட்டுரை ஒன்றை, பெயரை மறைத்து, காட்டச் சொன்னால் பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். தாளின் தலைப்பில் ‘ஏ.எம்.டி.ஜி.’ என்று பையன் எழுதியிருக்கக்கூடும். இறைவனின் மேலான மகிமைக்கு என்று பொருள்படும் இலத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகள் அவை. பல பள்ளிகளில் அது பழக்கம். அதைக் கடந்து ஓரக் குறிப்புகளுக்குப் போக வேண்டும். காற்புள்ளியை மட்டும் சுழித்துவிட்டு மதிப்பெண் போட்டிருக்கிறாரா, அல்லது இரண்டாம் பத்தியில் சொன்னதும் நான்காம் பத்தியில் சொன்னதும் முரண்படுவதைச் சுட்டித் திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறாரா? திரும்ப எழுதிய பிரதியும் கூட இருந்தால் அந்தப் பள்ளியில் எழுத்து உண்மையாகவே கற்பிக்கப்படுகிறது.

கல்லூரிப் பட்டியலில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘இடம் கிடைத்த கல்லூரிகள்’ என்ற பட்டியல் எப்போதும் அழகாக இருக்கும். ஒரே பையனுக்குப் பத்துக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தால் பத்தும் அதில் ஏறிவிடும். ‘போய்ச் சேர்ந்த கல்லூரிகள்’ என்ற பட்டியலை, கல்லூரிக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு, கடந்த மூன்று ஆண்டுகளுக்குக் கேட்க வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் போனவர்களைத் தனியாகச் சொல்லச் சொன்னால் இன்னும் தெளிவு கிடைக்கும். ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரப் பாடங்களிலும் அப்படித்தான். எத்தனை பாடம் இருக்கிறது என்பதைவிட, அவற்றில் சேர யாருக்கு அனுமதி, தேர்வில் ஐந்துக்கு 4 அல்லது 5 எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதைக் கேட்பது பயன்தரும்.

இந்தியக் குடும்பங்கள் பெரும்பாலும் கணிதத்தில்தான் ஏமாற்றம் அடைகின்றன. நடுநிலைப் பள்ளியிலேயே இயற்கணிதமும் வடிவியலும் முடித்த பையன் ஒன்பதாம் வகுப்பில் எங்கே வைக்கப்படுவான், கால்குலஸ் முடித்த பிறகு பன்னிரண்டாம் வகுப்பில் அவனுக்கு என்ன இருக்கும் என்று கணிதத் துறைத் தலைவரிடமே கேட்டுவிட வேண்டும். சேர்க்கை அலுவலகம் சொல்லும் பதில் போதாது. உயர்கணிதமும் ஆய்வகமும்தான் குடும்பத்தின் ஒரே நோக்கம் என்றால், வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் போன்ற அரசு அறிவியல் பள்ளியோ, வலுவான உள்ளூர்ப் பொதுப் பள்ளியோ கூடுதலாகத் தரக்கூடும், அதுவும் செலவில்லாமல். இயேசு சபைப் பள்ளியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்து, வாதம், வரலாறு, இலத்தீன் போன்ற மொழிகள், நான்கு பேர் முன்னால் நின்று தடுமாறாமல் பேசும் தைரியம் ஆகியவற்றில் இருக்கிறது. கணினி முன்னால் மட்டும் சுறுசுறுப்பாக இருக்கும் பையனுக்கு இவை தேவையில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அவனுக்குத்தான் அதிகம் தேவைப்படலாம்.

கற்றல் குறைபாடோ கவனக் குறைபாடோ உள்ள பையனின் குடும்பம் தனியாக விசாரிக்க வேண்டும். பொதுப் பள்ளிக்குச் சட்டப்படி உள்ள சிறப்புக் கல்விக் கடமைகள் தனியார் பள்ளியை அதே அளவில் கட்டுப்படுத்துவதில்லை. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைப் பல பள்ளிகள் தருகின்றன. தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியர் எல்லா இடத்திலும் இருப்பதில்லை.

ஆண்கள் மட்டும் என்பதால் படிப்பு உயருமா? 2014இல் ‘சைக்காலஜிக்கல் புல்லட்டின்’ இதழில் 184 ஆய்வுகளைத் தொகுத்து வெளியான மதிப்பீடு, ஒருபால் பள்ளிக்கு இருபால் பள்ளியைவிடப் பொருட்படுத்தத்தக்க மேன்மை எதையும் காணவில்லை. ஆகவே அதையே காரணமாக வைத்துச் சேர்ப்பதற்கு ஆதாரம் போதாது. சில பையன்கள் பெண்கள் இல்லாத வகுப்பில் கவிதையையும் நாடகத்தையும் கூச்சமின்றித் தொடுகிறார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. சிலருக்கு அந்தச் சூழல் மூச்சு முட்டும். பையனைப் பொறுத்த விஷயம் இது. அருகிலுள்ள பெண்கள் பள்ளியோடு சேர்ந்து நாடகம், இசை, விழா நடத்தும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஃபீனிக்ஸில் புரோஃபிக்குப் பக்கத்திலேயே சேவியர் பெண்கள் பள்ளி இருக்கிறது, ஹூஸ்டனில் ஸ்ட்ரேக்கை ஒட்டி செயின்ட் ஆக்னஸ்.

ஒழுக்கத்தைச் சோதிக்கும் விதம்

பண்பை அளக்கக் கருவி இல்லை. ஆனாலும் பார்க்கக்கூடிய இடங்கள் நான்கைந்து உண்டு.

முதலாவது சேவை. எல்லாப் பள்ளியும் சேவை மணிநேரம் கேட்கிறது. மணிநேரத்தை எண்ணிக் கையெழுத்து வாங்குவதோடு அது நின்றுவிட்டால் கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். கிளீவ்லாந்தின் செயின்ட் இக்னேஷியஸில் நடக்கும் இரண்டு பணிகள் வேறு மாதிரியானவை. ஞாயிறு இரவுகளில் மாணவர்கள் உணவை எடுத்துக்கொண்டு வீடற்றவர்கள் தங்கியிருக்கும் இடங்களுக்கே போகிறார்கள். கொடுத்துவிட்டு வருவதைவிட உட்கார்ந்து பேசுவதுதான் அதில் முக்கியம். மற்றொன்று 2003இல் தொடங்கியது. சவப்பெட்டியைத் தூக்க உறவினர் இல்லாத இறந்தவர்களின் அடக்கத்துக்குப் பையன்கள் கோட்டும் டையும் அணிந்து போய்ப் பெட்டியைச் சுமக்கிறார்கள். அறுபது எழுபது ஆண்டு மூத்த, முகம் அறியாத ஒருவரின் கனத்தைப் பதினாறு வயதுப் பையன் கையில் உணர்வது எந்தத் தியாலஜி (இறையியல்) பாடநூலும் தர முடியாத பாடம். இதைப் போன்றது எல்லாப் பள்ளியிலும் இருக்க வேண்டும் என்பதில்லை. சேவைக்குப் பிறகு மாணவர்களை உட்கார வைத்து, பார்த்ததைப் பற்றிப் பேசவும் எழுதவும் செய்கிறார்களா என்பதே கேட்க வேண்டியது. அந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்காத இடத்தில் சேவை வெறும் வருகைப் பதிவு.

இரண்டாவது தண்டனை. இப்பள்ளிகளில் பள்ளி முடிந்த பிறகு நிறுத்திவைக்கும் தண்டனைக்கு ‘ஜக்’ என்று பெயர். அது இருப்பதில் வியப்பில்லை, எதற்கெல்லாம் தரப்படுகிறது என்பதுதான் பள்ளியின் மனத்தைக் காட்டும். சட்டையை உள்ளே விடாததற்கும் தேர்வில் காப்பியடித்ததற்கும் ஏறக்குறைய ஒரே எதிர்வினை காட்டும் பள்ளி, ஒழுங்கையும் ஒழுக்கத்தையும் குழப்பிக்கொண்டிருக்கிறது. கடந்த ஆண்டு செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கட்டுரை எழுதிக் கொடுத்த பையன்களை என்ன செய்தீர்கள் என்று மாணவர் பொறுப்பாளரிடம் கேட்டால், பதிலின் தொனியே நிறையச் சொல்லிவிடும்.

மூன்றாவது விளையாட்டு. கால்பந்து மைதானத்தைச் சுற்றிக் காட்டுவதில் பள்ளிகளுக்கு இருக்கும் உற்சாகம் நூலகத்தில் நுழைந்ததும் சற்று அடங்கிவிடும். அதில் குற்றமில்லை. ஆனால் அணியில் இடம் கிடைக்காத பையன்கள் பள்ளி முடிந்ததும் எங்கே இருக்கிறார்கள்? மூன்றரை மணிக்கு நேரில் போய்ப் பார்ப்பதே இதற்கு வழி. இசை அறையிலும் ரோபோடிக்ஸ் கூடத்திலும் விவாதக் குழுவிலும் கூட்டம் இருந்தால் சரி. வாசலில் கார் வரிசை மட்டும் இருந்தால், அணிக்கு வெளியே இருப்பவனுக்கு அந்தப் பள்ளியில் இடம் குறைவு.

நான்காவது தியானம். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் தியானத்தில் தொடங்கி, பதினொன்றிலோ பன்னிரண்டிலோ ‘கைரோஸ்’ என்ற நான்கு நாள் தியானத்தில் இது உச்சம் அடையும். மூத்த மாணவர்களே அதை வழிநடத்துகிறார்கள். உள்ளே நடப்பதை வெளியில் சொல்வதில்லை என்பது மரபு. பெற்றோருக்கும் அதில் ஒரு சிறு பங்கு இருக்கலாம், அதையும் வாயைத் திறக்காமல் செய்ய வேண்டியிருக்கும். முடித்து வரும் பையன்கள் பல நாள் கனிவோடு இருப்பதாகவும் பிறகு பழையபடி ஆகிவிடுவதாகவும் பெற்றோர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. அதன் பயன் தங்குகிறதா என்பது, தியானத்துக்குப் பிறகு குழுக்கள் தொடர்ந்து சந்திக்கின்றனவா என்பதைப் பொறுத்தது.

இவற்றோடு, பகலில் சில நிமிடம் எல்லோரும் அமைதியாக இருந்து அன்று நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் பழக்கமும் பல பள்ளிகளில் உண்டு. இஞ்ஞாசியார் வகுத்த மன ஆய்வு அது. அதற்கான அழைப்பு ஒலிபெருக்கியில் வரும்போது பையன்கள் உண்மையில் அமைதியாகிறார்களா, ஆசிரியர் அந்த நேரத்தில் மின்னஞ்சல் பார்க்கிறாரா என்பது வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

பிற சமயக் குடும்பங்கள்

இந்து, முஸ்லிம், சமண, சீக்கிய மாணவர்கள் இப்பள்ளிகளில் படிக்கிறார்கள். மதம் மாற்றும் முயற்சி பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. ஆனால் சமயம் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. பொதுவாகத் தியாலஜி நான்கு ஆண்டும் கட்டாயப் பாடம், மதிப்பெண் கணக்கில் சேரும். விவிலியம், திருச்சபை வரலாறு, அறநெறி, உலகச் சமயங்கள் என்று அது விரியும். வகுப்புகள் செபத்தோடு தொடங்கும். பள்ளித் திருப்பலிக்கு எல்லோரும் வர வேண்டும். கத்தோலிக்கர் அல்லாதவர் நற்கருணை வாங்குவதில்லை. கைகளை மார்பில் குறுக்காக வைத்து ஆசீர் பெறலாம், அல்லது இருக்கையிலேயே இருக்கலாம். பையனின் சொந்தச் சமயத்தைப் பற்றி உலகச் சமய வகுப்பில் என்ன பாடநூல் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கக் கேட்பது நியாயமான கேள்வி. தீபாவளியன்று விடுப்பு எடுத்தால் தேர்வை வேறு நாளில் எழுத முடியுமா, தியானத்தின்போது சைவ உணவு கிடைக்குமா என்பவை சிறிய கேள்விகள்தான். அவற்றுக்குப் பதில் வரும் வேகத்தில் முன்பு யாராவது கேட்டிருக்கிறார்களா என்பது தெரியும்.

பாதுகாப்பு

சிறார் பாலியல் கொடுமை பற்றிய கேள்வியைத் தயக்கமின்றிக் கேட்க வேண்டும். சபையின் அமெரிக்க மாகாணங்கள் 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் நம்பத்தக்க குற்றச்சாட்டுக்கு ஆளான தம் உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல்களைத் தாமே வெளியிட்டன. பல பள்ளிகளின் பெயர் அவற்றில் இடம்பெற்றது. வழக்குகளின் சுமையால் 2009இல் திவால் பாதுகாப்புக் கோரிய, சபையின் ஆரெகன் மாகாணம் 2011இல் 16.6 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. இன்றைய நிலையை அறிய, ஆசிரியரோ வேறு பெரியவரோ பையனோடு தனியே இருக்கும் சூழலுக்கான விதி என்ன, புகாரைப் பள்ளிக்கு வெளியே யாரிடம் சொல்லலாம், பயிற்சியாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பின்னணிச் சோதனை எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை என்று கேட்க வேண்டும். எழுத்தில் உள்ள கொள்கையைக் கையில் தரும் பள்ளி நல்லது. கேள்வியே அநாகரிகம் என்பதுபோல் முகம் மாறினால் அடுத்த பள்ளியைப் பார்க்கலாம்.

மூத்த மாணவர் இளையவரைச் சீண்டுவதும் இதே தலைப்பின் கீழ்தான் வரும். “சகோதரத்துவம்” என்ற சொல் இப்பள்ளிகளில் அடிக்கடி ஒலிக்கும். அது உண்மையா என்பதை ஒன்பதாம் வகுப்புப் பையனிடம்தான் கேட்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பு வழிகாட்டியிடம் அல்ல.

செலவு

பெரிய நகரங்களில் பல பள்ளிகளின் கட்டணம் ஆண்டுக்கு 20,000 டாலரைத் தாண்டுகிறது. மடிக்கணினி, பாடநூல், விளையாட்டு, பயணம், நன்கொடை வேண்டுகோள் எல்லாம் தனி. தேவை அடிப்படையிலான உதவி கணிசமாக உண்டு. நடுத்தர வருமானக் குடும்பமும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. இதற்கான விண்ணப்பம் சேர்க்கை விண்ணப்பத்திலிருந்து வேறானது. பல பள்ளிகள் ‘ஃபேக்ட்ஸ்’ போன்ற வெளி நிறுவனத்தின் வழியே வரிப் படிவங்களை வாங்குகின்றன. அதன் கடைசி நாளும் தனி. அதைத் தவறவிட்டுப் பணம் இழந்தவர்கள் நிறைய. உதவி ஆண்டுதோறும் புதிதாக முடிவாகிறதா, வருமானம் மாறாவிட்டால் அதே தொகை தொடருமா என்று எழுத்தில் பெறுவது நல்லது. சில மாநிலங்களில் அரசே தனியார் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் தருகிறது. அரிசோனாவில் 2022இலும் ஃபுளோரிடாவிலும் ஒஹையோவிலும் 2023இலும் அத்திட்டங்கள் எல்லாக் குடும்பங்களுக்கும் விரிந்தன. ஒஹையோவில் வருமானம் கூடினால் தொகை குறையும்.

நாட்காட்டி

ஏழாம் வகுப்பின் வசந்தத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுவது வசதி. எட்டாம் வகுப்பின் அக்டோபர், நவம்பரில் ‘ஓப்பன் ஹவுஸ்’ நடக்கும். அது திருவிழா நாள். மாணவத் தூதர்கள் பயிற்சி பெற்றவர்கள், எல்லாம் பளபளக்கும். அதைவிட முக்கியம் ‘ஷேடோ டே’ எனப்படும் நாள். விண்ணப்பிக்கும் பையன் ஒரு மாணவனோடு முழு நாளும் வகுப்புகளில் உட்காருவான். திரும்பி வந்ததும் “பிடிச்சிருந்துச்சா?” என்று கேட்டால் “ம்” என்பான். யாரோடு சாப்பிட்டான், எந்த வகுப்பில் நேரம் போனதே தெரியவில்லை, எந்த வகுப்பில் கடிகாரத்தைப் பார்த்தான், தனியாக உட்கார்ந்திருந்த பையன்கள் இருந்தார்களா என்று கேட்டால் விவரம் வரும்.

தேர்வு பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரியிலோ. பல பள்ளிகள் எச்.எஸ்.பி.டி. எனப்படும் தேர்வை வைக்கின்றன. சொல்திறன், எண்திறன், வாசிப்பு, கணிதம், மொழி என்று ஐந்து பகுதி, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எந்தக் கேள்வியையும் விட்டுவைக்கத் தேவையில்லை. சில பள்ளிகள் வேறு தேர்வுகளை ஏற்கின்றன. மாதக்கணக்கில் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவது பெரும்பாலும் வீண். நேரம் குறித்து இரண்டு மூன்று மாதிரித் தேர்வு எழுதினால் பழக்கம் வந்துவிடும். ஏழு, எட்டாம் வகுப்பு மதிப்பெண்களும் ஆசிரியர் பரிந்துரையும் தேர்வுக்கு நிகராகப் பார்க்கப்படுகின்றன.

விண்ணப்பத்தில் பையன் எழுதும் சிறு கட்டுரை அவன் எழுதியதாகவே இருக்க வேண்டும். பெரியவர் கைபட்ட நடையைச் சேர்க்கைக் குழு உடனே கண்டுகொள்ளும். நேர்காணலில் பையனிடம்தான் கேள்வி போகும். பல தமிழ் வீடுகளில் பெரியவர்கள் இருக்கும்போது பிள்ளை பேசாமல் இருப்பதே மரியாதை என்று பழக்கப்பட்டிருப்பதால், இங்கே அது ஆர்வமின்மையாகப் படலாம். கண்ணைப் பார்த்து, தான் விரும்பிச் செய்யும் ஏதாவது ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேசப் பழகியிருந்தால் போதும்.

முடிவுகள் பிப்ரவரி, மார்ச்சில் வரும். இடம் கிடைத்த பிறகு பதில் சொல்லக் குறைந்த நாட்களே இருக்கும். முன்பணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. சேர்க்கை ஒப்பந்தத்தில், வேலை மாற்றத்தாலோ விசாச் சிக்கலாலோ ஆண்டின் நடுவில் விலக நேர்ந்தால் மீதிக் கட்டணம் கட்ட வேண்டுமா என்ற பிரிவைக் கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு இது வெறும் சம்பிரதாயப் பிரிவு அல்ல. சில பள்ளிகள் இதற்கெனக் கட்டணக் காப்பீடும் ஏற்பாடு செய்கின்றன. காத்திருப்போர் பட்டியலில் இடம் கிடைத்திருந்தால், இன்னமும் விருப்பம் இருப்பதாக ஒரு சிறு கடிதம் எழுதிவிட்டு, வீட்டுக்கு அருகிலுள்ள பொதுப் பள்ளியில் பெயரைப் பதிந்துவைப்பது வழக்கமான முறை. சேர்ந்தவர்களுக்கு வசந்தத்தில் கணிதத்துக்கும் மொழிக்கும் நிலைத் தேர்வு நடக்கும். கோடையில் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலும் அதையொட்டி வந்துவிடும்.